தை மாதத்துக்கு ரயில்

பதினோராம் நம்பர் முகாம்,
லாங் ஐலண்ட் வழி, அந்தமான்,
4-12-66

அன்புள்ள அண்ணி அவர்களுக்கு,

செல்லம் எழுதிக்கொண்டது. நானும் உங்கள் தம்பியும் மங்கையும் சுகம். உங்கள் தம்பிக்கு அட்டை கடித்த கால் புண் ஆறிவிட்டது. பக்கத்து வீட்டு அன்னம்மாளின் வீட்டுக்காரர் கம்பவுண்டர், அதனால் மருந்துக்குக் குறைவில்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாயவரத்தில் இப்போது அடைமழையாக இருக்குமே.

அண்ணி, உங்களுக்கே தெரிந்திருக்கும், அவர் எழுதியிருப்பார். மே மாதக் கடைசிக் கப்பலில் அவருக்கு லீவு. வரும்போது மங்கையையும் கூட்டி வந்து உங்களிடம் படிக்க விட்டுவிடுவதாகச் சொல்கிறார். இந்த மரம் வெட்டும் முகாமில் பள்ளிக்கூடம் இல்லை, வரும் என்ற பேச்சும் இல்லை. நான் ஒரு வாரம் சண்டை போட்டேன். கடைசியில் ஒரு நிபந்தனைக்கு வந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஏழு வயசாச்சு, அ ஆ தெரியல. யானைக்காரனோட ஹிந்திதான் பேசுது. ஏப்ரல் முடியறதுக்குள்ள யாரும் பக்கத்துல இல்லாம தானா ஒரு லெட்டர் எழுதட்டும். எழுதிட்டா இங்கேயே இருக்கட்டும், டீக் ஹை. இல்லேன்னா அக்கா வீடுதான்." எழுதியது தேறுமா தேறாதா என்பதை டீச்சரான நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

அதனால் வீட்டிலேயே பாடம் தொடங்கிவிட்டேன். நான், அன்னம்மாள், கடை வைத்திருக்கும் நாகூர் கனியின் மனைவி சம்சாத் ஆகிய மூன்று பேர். பிள்ளைகள் ஏழு. மாற்றி மாற்றி ஆளுக்கு இரண்டு நாள். முதல் வாரமே தலைசுற்றிவிட்டது. அன்னம்மாள் எழுத்தை "ட"வில் தொடங்குகிறாள், அதுதான் சுலபமாம். நான் "அ"வில் தொடங்குகிறேன். சம்சாத் எழுத்தே வேண்டாம், முதலில் பிள்ளைகள் உட்காரக் கற்றுக்கொள்ளட்டும் என்கிறாள். அவள் சொல்வதுதான் சரி என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு மாதத்துக்குப் பாடத்திட்டம் ஒன்று எழுதி அனுப்புங்கள் அண்ணி. நீங்கள் எப்படிச் சொல்கிறீர்களோ அப்படியே செய்கிறேன். என் பிள்ளை என்னிடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
செல்லம்


மாயவரம்,
29-12-66

அன்புள்ள செல்லத்துக்கு,

இந்திராணி எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் நலம். யாவரும் என்றால் நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம் ஆகியும் கை பழக்கத்தில் அப்படித்தான் எழுதுகிறது. முழங்கால் அப்படியே இருக்கிறது. மங்கைக்கு இருமல் வரும் காலம், கவனம்.

உன் கடிதம் இருபத்துநான்கு நாள் கழித்து நேற்று வந்தது. "ட"வில் தொடங்கும் அன்னம்மாளையும் "அ"வில் தொடங்கும் உன்னையும் ஒரே அறையில் நினைத்துப் பார்த்தேன். பிள்ளைகள் பாவம்.

நான் படித்தது ஆதாரக் கல்விப் பயிற்சி. அதில் ஒரு முறை உண்டு. ஒரு மாதம் முழுக்க ஒரே பொருள். எழுத்தும் கணக்கும் பாட்டும் விளையாட்டும் எல்லாம் அந்த ஒன்றைச் சுற்றியே நடக்கும். பிள்ளைக்கு ஆசை வந்துவிட்டால் எழுத்து தன்னால் வரும். தை மாதத்துக்கு நான் தேர்ந்தெடுத்திருப்பது ரயில். என் வகுப்பில் எட்டு வருஷமாக நடத்துகிறேன், ஒரு தடவை கூட இது தோற்றதில்லை.

முதல் வாரம்: ரயில் என்றால் என்ன. இரண்டாம் வாரம்: ஸ்டேஷனும் டிக்கெட்டும். மூன்றாம் வாரம்: பயணம், வழியில் வரும் ஊர்ப் பெயர்களை வாசித்தல். நான்காம் வாரம்: ஊர் வந்து இறங்குதல், பயணத்தைப் பற்றிக் கடிதம் எழுதுதல். கடிதத்தில் வந்து முடிகிறதைக் கவனித்தாயா? தம்பியின் நிபந்தனைக்காகவே அப்படி அமைத்தேன். ஒவ்வொரு வாரத்துக்கும் நாள் வாரியாக விவரம் எழுதி நான்கு தனிக் கடிதங்களாக அனுப்புகிறேன். ஒரே கவரில் போட்டால் கனத்துவிடும், போஸ்ட் மாஸ்டர் முகத்தைச் சுளிப்பார்.

ஒரே ஒரு வேண்டுகோள். நடுவில் உன் இஷ்டத்துக்கு எதையும் மாற்றாதே. மூன்று பேரும் ஒரே திட்டத்தைப் பின்பற்றுங்கள்.

மங்கைக்கு என் முத்தம்.

இந்திராணி


பதினோராம் நம்பர் முகாம்,
16-2-67

அன்புள்ள அண்ணி அவர்களுக்கு,

செல்லம் எழுதிக்கொண்டது. எல்லோரும் சுகம் என்றுதான் எழுத வேண்டும். மங்கைக்கு இருமல் வந்து போய்விட்டது. எனக்குத் தலைவலி வந்து போகவில்லை.

உங்கள் ரயில் இங்கே எப்படி ஓடியது என்று கேளுங்கள். நான்கு கடிதமும் ஒரே கப்பலில்தான் போர்ட் பிளேருக்கு வந்திருக்கின்றன. அங்கிருந்து இங்கே வருவதற்கு லாங் ஐலண்ட் வரை லாஞ்ச், அப்புறம் டோங்கிப் படகு. எந்தப் பையில் எது விழுந்ததோ, முதலில் கைக்குக் கிடைத்தது நான்காம் வாரக் கடிதம். அன்று அன்னம்மாள் முறை. "மேலே நாலாம் வாரம்னு போட்டிருக்குதே" என்று கேட்டேன். "வந்ததை வெச்சு நடத்துவோம் செல்லம், அடுத்த போட் எப்ப வருமோ, யாரு கண்டா" என்று சொல்லித் தொடங்கிவிட்டாள்.

ஆகவே ஏழு பிள்ளைகளும் முதல் நாளே ஊர் வந்து இறங்கிவிட்டார்கள். எதிலிருந்து இறங்கினோம் என்று ஒருவருக்கும் தெரியாது. அடுத்த வாரம் பயணம் செய்தார்கள். அதற்கடுத்த வாரம் டிக்கெட் வாங்கினார்கள். கடைசி வாரம் சம்சாத் "ரயில் என்றால் என்ன" என்று ஆரம்பித்தாள். அதற்குள் பிள்ளைகள் சலித்துப் போய் அவளையே கேட்டார்கள், ரயிலைத்தான் முடித்துவிட்டோமே, மறுபடி எதற்கு என்று.

ரயிலை இங்கே எந்தப் பிள்ளையும் கண்டதில்லை அண்ணி. நான் வரைந்து காட்டினேன். சம்சாத்தின் மகள் ஆசியா பார்த்துவிட்டு, "இது மோகினி மாதிரி" என்றாள். மோகினி இங்கே கட்டை இழுக்கும் யானை. முன்னால் பெரிதாக ஒன்று, பின்னால் வரிசையாக மரங்கள், யோசித்தால் தப்பும் இல்லை. வீட்டு விலங்குகள் எவை என்று ஒரு நாள் கேட்டதற்கு ஏழு பேரும் முதலில் சொன்னது யானைதான். பசு யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

இதைச் சொல்வதற்கு மன்னியுங்கள். தினமும் கண் முன்னால் யானை நடக்கும்போது, கண்ணால் காணாத ரயிலை ஏன் கட்டி அழ வேண்டும்? மாசி மாதத்துக்கு யானையை வைத்துக்கொள்ளலாமா? ஏப்ரல் முடிய இரண்டரை மாதம்தான் இருக்கிறது. மங்கைக்கு இன்னும் இருபது எழுத்து கூடச் சேரவில்லை.

உங்கள் முழங்காலுக்கு அன்னம்மாள் வீட்டுக்காரர் ஒரு தைலம் கொடுத்திருக்கிறார், அடுத்த கப்பலில் அனுப்புகிறேன்.

செல்லம்


பதினோராம் நம்பர் முகாம்,
1-3-67

அன்புள்ள அண்ணி அவர்களுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், டோங்கிக்காரர் வாசலில் நிற்கிறார். எல்லோரும் சுகம்.

உங்கள் பதில் வரவில்லை, அதற்காகக் காத்திருக்கவும் முடியவில்லை. யானையைத் தொடங்கிவிட்டேன். பாகன் பக்தவத்சலம் தினமும் பத்து நிமிஷம் மோகினியை எங்கள் வாசலில் நிறுத்துகிறார். கால் நகத்தை எண்ணினார்கள், கணக்கு. என்ன தின்கிறது என்று சொன்னார்கள், எழுத்து. போன வியாழக்கிழமை மங்கை யாரும் சொல்லாமல் சிலேட்டில் "மோகினி வந்தாள்" என்று எழுதினாள். நான் சமையலை விட்டுவிட்டு ஓடிப் போய்ப் பார்த்தேன். அன்னம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன், சம்சாத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். சாயங்காலம் அவரிடம் காட்டலாம் என்று வைத்திருந்தேன், அதற்குள் அவளே அழித்துவிட்டு யானை படம் போட்டுவிட்டாள். அவர் நம்பவில்லை.

பரவாயில்லை. ஏப்ரலில் அவர் கண் முன்னாலேயே எழுதுவாள். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது அண்ணி.

செல்லம்


மாயவரம்,
6-3-67

அன்புள்ள செல்லத்துக்கு,

இந்திராணி எழுதிக்கொண்டது. இங்கு நலம். போன மாதம் எலெக்‌ஷன் டியூட்டி. நான்கு நாள் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் தூங்கியதில் முழங்காலோடு முதுகும் சேர்ந்துகொண்டது. தைலம் வந்தால் நல்லதுதான்.

உன் பிப்ரவரி கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு தடவை தண்ணீர் குடித்தேன். மேலே வாரத்தின் எண்ணை அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன். நாலாம் வாரத்தை முதல் வாரத்தில் நடத்தினால் அது என் திட்டத்தின் குற்றமா? சாம்பார் வைக்கும்போது அன்னம்மாள் முதலில் கொத்தமல்லியைப் போட்டுவிட்டுக் கடைசியில் பருப்பை வேக வைப்பாளா?

யானை வேண்டாம். பிள்ளைக்குத் தெரிந்ததையே திரும்பச் சொன்னால் அதற்கு ஏன் படிக்க வேண்டும் என்று தோன்றாது. தெரியாத ஒன்றின் மேல் ஆசை வர வேண்டும். ரயிலையே இன்னும் ஒரு மாதம், ஒழுங்கான வரிசையில் நடத்து. காணாத பொருள் என்றாய், அதனால் ஒரு பார்சல் அனுப்புகிறேன். ஸ்டேஷன் மாஸ்டர் ஜம்புலிங்கம் எனக்குத் தெரிந்தவர். அவரிடம் கேட்டு வாங்கிய பழைய அரை டிக்கெட்டுகள் ஏழு, கார்டு ஊதும் விசில் ஒன்று, பச்சைக்கொடி ஒன்று. ரயில் படங்கள் பன்னிரண்டு நானே வர்ணம் தீட்டினேன். மூன்று ராத்திரி ஆயிற்று.

எங்கள் தலைமையாசிரியை இரண்டாம் வகுப்பில் ஒரு இடம் நிறுத்தி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார், தேவைப்பட்டால் என்றுதான். கட்டில் கடையில் சின்னக் கட்டில் ஒன்று சல்லிசாக வந்தது, வாங்கிப் போட்டேன். ஜன்னலோரம் போட்டிருக்கிறேன், அங்கிருந்து பார்த்தால் தண்டவாளம் தெரியும்.

மங்கைக்கு அந்தப் படங்களை நீயே காட்டு.

இந்திராணி


பதினோராம் நம்பர் முகாம்,
28-3-67

அண்ணிக்கு,

பார்சல் வந்தது.

விசிலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே படகு வரும்போது அதை ஓட்டும் செராங் ஊதுவதும் அதே சத்தம்தான். வந்த முதல் நாள் மங்கை காலை ஆறு மணிக்கு எழுந்து ஊதினாள். முகாமில் பாதிப் பேர் பையைத் தூக்கிக்கொண்டு ஜெட்டிக்கு ஓடினார்கள். நாகூர் கனி கடையைப் பூட்டிவிட்டு ஓடியவர், திரும்பி வந்து என் வாசலில் நின்று சொன்னார்: "ஏம்மா, ஜஹாஸும் இல்ல ஒண்ணும் இல்ல. வயசான மனுசன் நான், ரோஜ் ரோஜ் இப்படி ஓட முடியுமா?" மூன்றாம் நாளும் ஓடினார். உங்கள் தம்பி விசிலைப் பிடுங்கிப் பரண் மேல் வைத்துவிட்டார்.

அது போகட்டும். யானையை நிறுத்திவிட்டேன், உங்கள் சொல்லை மீற வேண்டாம் என்று. இப்போது மங்கைக்கு எந்த நேரமும் ரயில் பேச்சுதான். அரை டிக்கெட்டைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்குகிறாள். அதில் அச்சடித்திருக்கிற ஊர் பெயர் மாயவரம். "அத்தை வீட்டு ஜன்னலிலிருந்து தெரியுமாமே, எப்போது போவோம்" என்று கேட்கிறாள். ஜன்னலைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை. உங்கள் தம்பி சொல்லியிருப்பார் என்று நினைத்து அவரையும் ஒரு பிடி பிடித்தேன், அவரும் இல்லை என்கிறார்.

அண்ணி, நேராகவே கேட்கிறேன். நீங்கள் அனுப்பியது பாடமா, அல்லது வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறீர்களா? பிள்ளை இங்கேயே இருப்பதற்கு வழி சொல்லுங்கள் என்று உங்களைக் கேட்டேன். நீங்கள் டிக்கெட் அனுப்புகிறீர்கள், கட்டில் வாங்குகிறீர்கள், வகுப்பில் இடம் பிடிக்கிறீர்கள். தேறுமா தேறாதா என்று தீர்ப்புச் சொல்லப் போவதும் நீங்கள்தான். எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. இதற்கு மேல் எழுதினால் மரியாதை கெட்டுவிடும்.

தைலம் இத்துடன் இருக்கிறது. சூடு காட்டித் தேய்க்க வேண்டும்.

செல்லம்


மாயவரம்,
15-4-67

செல்லத்துக்கு,

இங்கு நலம். தைலம் கிடைத்தது.

இருபத்திரண்டு வருஷம் பாடம் நடத்துகிறேன். யாருடைய பிள்ளைக்கும் நான் ஆசை காட்டி இழுத்ததில்லை. கட்டில் விருந்தாளிகளுக்காக வாங்கியது. என் வீட்டுக்கு யார் விருந்தாளி வருகிறார்கள் என்று நீ கேட்பாய்.

தம்பி வைக்கும் பரீட்சைத் தாளை எனக்கு அனுப்பு. எழுதியிருந்தால் எழுதியிருக்கிறாள் என்பேன், எழுதாவிட்டால் எழுதவில்லை என்பேன். அதில் முறை தவற மாட்டேன். இந்த ஒன்றையாவது நம்பு.

உன் மார்ச் முதல் தேதிக் கடிதம் இந்தக் கோபக் கடிதத்துக்குப் பிறகுதான் எனக்கு வந்தது. "மோகினி வந்தாள்" என்று எழுதினாளாமே. அப்படியானால் யானையை நிறுத்தச் சொன்னது என் தப்பு. சலித்துக்கொள்வதற்கும் ஒரு வரிசை வேண்டும், உங்கள் தபாலில் அது கூடக் கிடைப்பதில்லை.

இந்திராணி


பதினோராம் நம்பர் முகாம்,
2-5-67

அன்புள்ள அண்ணி அவர்களுக்கு,

நான் சுகமில்லை. மற்றவர்கள் சுகம்.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை நடந்தது. அவர் மங்கையை மேஜை முன்னால் உட்கார வைத்து, தாளும் பென்சிலும் கொடுத்து, "அத்தைக்கு என்ன தோணுதோ எழுதும்மா" என்று சொல்லிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தார். என்னை அடுக்களையை விட்டு வரக்கூடாது என்று சொல்லியிருந்தார். ஒரு மணி நேரம். அவள் எழுதிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, நான் எல்லாச் சாமியையும் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் போய்ப் பார்த்தால் ஒரு எழுத்து கூட இல்லை. தாள் முழுக்கக் கோடுகள். குறுக்கும் நெடுக்குமாக வெறும் கோடுகள்.

"தெரிஞ்சதை எழுத வேண்டியதுதானே கண்ணு" என்றேன். "தெரியாது" என்றாள். மோகினி என்று எழுதச் சொன்னேன். அதுவும் தெரியாது என்றாள். அவர் என்னைத் திட்டவில்லை. "சரி விடு, நீயும்தான் பாடுபட்டே" என்றார். திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஐந்து மாதம் அண்ணி. ஏழு பிள்ளைகளைக் கட்டி மேய்த்தேன். கம்பவுண்டர் மகன் இப்போது மருந்துப் பாட்டில் பெயர்களை வாசிக்கிறான். ஆசியா கடையில் சாமான் பட்டியல் எழுதுகிறாள். அத்தனை பேருக்கும் வந்தது, என் பிள்ளைக்கு மட்டும் வரவில்லை. எனக்குச் சொல்லித்தரத் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். மார்ச்சில் நான் எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மே இருபத்தெட்டாம் தேதிக் கப்பல். அவளைப் பற்றிச் சில விஷயம். கத்தரிக்காய் சாப்பிட மாட்டாள், வற்புறுத்தினால் வாந்தி எடுப்பாள். தலைக்குக் குளித்த அன்று சாம்பிராணிப் புகை போடாவிட்டால் சளி பிடிக்கும். தூங்கும்போது யாராவது காலைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதைக் கேட்க மாட்டாள், நீங்களாகத்தான் தொட வேண்டும். பொய் சொல்ல மாட்டாள். பிடிவாதம் உண்டு, அது உங்கள் குடும்பத்துப் பிடிவாதம், உங்களுக்குச் சமாளிக்கத் தெரியும்.

பரீட்சைத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். இங்கே பசை தீர்ந்துவிட்டது. கவரை ஒட்டச் சொல்லி மங்கையிடம் கொடுக்கிறேன், இந்த வேலையாவது செய்யட்டும். சோற்றுப் பருக்கை அங்கங்கே ஒட்டியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செல்லம்


(அதே கவருக்குள், நாலாக மடித்த காகிதம்)

அத்தை

நான் மங்கை எழுதுகிறேன். நான் நலம். மோகினி நலம். நீ நலமா.

அம்மாவுக்கு இது தெரியாது. கவர் ஒட்டும்போது உள்ளே வைத்தேன்.

எனக்கு எழுதத் தெரியும். அப்பா எழுதச் சொன்னபோது எழுதவில்லை. எழுதினால் இங்கேயே இருக்க வேண்டும். எழுதாவிட்டால் ரயிலில் வரலாம். அப்பா அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அதனால் தண்டவாளம் போட்டேன்.

உன் லெட்டர் எல்லாம் நானே படித்தேன். அம்மா அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். கட்டில் ஜன்னல் ஓரம் இருக்கிறது. யாவரும் நலம் யாவரும் என்றால் நான் ஒருத்திதான் என்று எழுதியிருக்கிறாய். நான் வந்தால் இரண்டு பேர். அப்புறம் நீ அப்படி எழுத வேண்டாம்.

கத்தரிக்காய் கொஞ்சம் சாப்பிடுவேன். விசில் பரண் மேல் இருக்கிறது. நீ வேறு வாங்கி வை.

அம்மா அடுப்பு முன்னால் அழுகிறாள். புகை என்று சொல்கிறாள். ரயில் பார்த்துவிட்டு வந்துவிடுவேன் என்று அவளிடம் நீ சொல். ரயில் கடலுக்கு வருமா.

மங்கையர்க்கரசி


மாயவரம்,
18-5-67

அன்புள்ள செல்லத்துக்கு,

இந்திராணி எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் நலம்.

நேற்று உன் கவர் வந்தது. இன்று காலை தம்பிக்குத் தந்தி கொடுத்துவிட்டேன்: மங்கை தேறினாள், அழைத்து வர வேண்டாம். இந்தக் கடிதம் எந்தக் கப்பலில், எந்த லாஞ்சில், எந்த டோங்கியில் ஆடி அசைந்து வருமோ தெரியாது. தந்தியாவது இருபத்தெட்டாம் தேதிக்குள் வந்து சேர வேண்டும் என்று தபாலாபீஸில் நின்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்தேன். அந்தக் குமாஸ்தாவுக்கு என் மேல் கோபம்.

எப்படித் தேறினாள் என்று நீ கேட்பாய். தாளில் ஒரு எழுத்து கூட இல்லையே என்று தம்பியும் கேட்பான். தீர்ப்பு என்னுடையது என்று நீங்கள்தான் சொன்னீர்கள், நான் சொல்லிவிட்டேன். உன் பிள்ளைக்கு எழுத வரும், வாசிக்க வரும், எங்கள் இரண்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேரை விட நன்றாகவே வரும். அத்தாட்சி என்னிடம் இருக்கிறது. அதைக் காட்ட மாட்டேன். இதற்கு மேல் இதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாலும் எனக்குக் கோபம் வரும்.

உனக்குச் சொல்லித்தரத் தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியை அடித்துவிடு. அவளுக்குச் சொல்லித்தந்தது நீதான், நானும் இல்லை, என் ரயிலும் இல்லை. மார்ச்சில் நீ கேட்ட கேள்விக்கு அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. படங்களுக்கு வர்ணம் தீட்டும்போது பாடத்தைத்தான் நினைத்தேன். கட்டில் வாங்கும்போது பாடத்தை நினைக்கவில்லை. நீ கேட்டது சரிதான்.

கட்டில் மேல் இப்போது வகுப்பு நோட்டுகளை அடுக்கியிருக்கிறேன். சௌகரியமாக இருக்கிறது.

ஜூன் மாதத்துக்குக் கப்பலை எடுத்துக்கொள். எனக்கு அதில் ஒன்றும் தெரியாது, பார்த்தது கூட இல்லை. நீயே திட்டம் எழுதி எனக்கு ஒரு பிரதி அனுப்பு, இங்கே என் வகுப்புக்கும் அதையே நடத்துகிறேன். புண்ணியமாகப் போகும், நாலு வாரத்தையும் ஒரே கவரில் போடு.

உள்ளே மங்கைக்கு ஒரு காகிதம் ஒட்டி வைத்திருக்கிறேன். அவளே பிரித்து அவளே படிக்கட்டும். அரிசி டின்னுக்குப் பின்னால் நீ எதையாவது ஒளித்து வைத்திருந்தால் வேறு இடம் பார்.

தம்பியிடம் சொல், லீவை ஒத்திப் போட்டுவிட்டு மூன்று பேருமாக வரட்டும்.

இந்திராணி


மங்கைக்கு,

இதை நீயே படி. அத்தை என்ன எழுதியிருக்கிறாள் என்று அம்மா கேட்டால், திட்டியிருக்கிறாள் என்று சொல். அது பொய்யில்லை, இப்போது திட்டத்தான் போகிறேன்.

தெரிந்ததைத் தெரியாது என்று சொன்னாயே, அது பெரிய தப்பு. அம்மா அதை நம்பிவிட்டாள். புகை இல்லாமலே அழுதாள். இனிமேல் அப்படிச் செய்யாதே. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் சிலேட்டை எடுத்து, அம்மாவுக்குத் தெரியும்படி ஏதாவது எழுது. உடனே அழிக்காதே. அப்பா வரும்வரை வைத்திரு.

நீ போட்டது தண்டவாளம் என்று உன் அப்பாவுக்கும் தெரியவில்லை, அம்மாவுக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. கட்டைகளை ரொம்ப நெருக்கமாகப் போட்டிருக்கிறாய், கொஞ்சம் இடம் விட்டுப் போட வேண்டும்.

ரயில் கடலுக்கு வராது. நீதான் வர வேண்டும், அம்மாவோடு. டிக்கெட்டைத் தொலைக்காதே.

உன் கடிதத்தை யாருக்கும் காட்ட மாட்டேன். இரண்டு பேர் என்று எழுதியிருந்தாய். எனக்கு இப்படி யாரும் எழுதியதில்லை. மாதம் ஒரு கடிதம் எழுது. அதற்கு அம்மாவின் கவரில் திருட்டுத்தனமாக ஏறி வர வேண்டாம், உனக்கென்று தனி ஸ்டாம்ப் அனுப்புகிறேன்.

கடைசியாக ஒன்று. சோற்றுப் பசையை இவ்வளவு தடவாதே. உன் காகிதம் கவரோடு ஒட்டிப் போயிருந்தது. ஒரு எழுத்தும் கிழியாமல் அதைப் பிரிக்க எனக்குச் சாயங்காலம் முழுவதும் ஆயிற்று.

அத்தை